குசினி யன்னலில் இருந்த ரவுட்டர்

போன கிழமை, என்னிடம் வேலை பழகிய உங்களில் ஒரு பிள்ளை எனக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டாள்: "மிஸ், வீட்டிலை இருந்து வேலை செய்யிற ஆக்களுக்கு எந்த விபிஎன் நல்லது? விபிஎன் பெட்டி விக்கிற கம்பனி தாறதோ, கணினியோடை சும்மா வாறதோ?"

நான் பதில் சொல்லவில்லை. "அந்த ஆக்கள் எந்த இடம்? வீட்டிலை ஆர் ஆர் இருக்கினம்? அயலோடை எப்பிடி?" என்று திருப்பிக் கேட்டேன். வேலையோடு சேர்த்து மிஸ்ஸின் மூளையும் ஓய்வு பெற்றுவிட்டது என்று நினைத்திருப்பாள். பாவம், மரியாதையாக "சரி மிஸ், கேட்டுச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டாள். நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இதில் வருகிற எல்லோரிடமும் அனுமதி கேட்டுவிட்டேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் என் குணத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கு விடுப்பு அதிகம். மற்றவர் வீட்டில் என்ன நடக்கிறது, யார் வந்தார், ஏன் வந்தார் என்று அறியத் துடிப்பதை எங்கள் பக்கம் விடுப்பு என்பார்கள். குருநகரில் நான் வளர்ந்த ஒழுங்கையில் இதற்காக நிறையப் பேச்சு வாங்கியிருக்கிறேன். கன்னியாஸ்திரி ஒருவர் பாவசங்கீர்த்தனத்திலேயே சொல்லச் சொன்னார். பிறகு கணினி வலையமைப்பு வேலைக்கு வந்தேன். அங்கே அதே குணத்துக்குச் சம்பளம் தந்தார்கள்.

நான் கடைசியாக வேலை செய்த இடம் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கம்பனி. வெளிநாட்டுப் பல் வைத்தியர்களுக்கு இங்கிருந்தபடி நேரம் குறித்துக் கொடுப்பதும் அவர்களுடைய காப்புறுதிக் கடிதங்களைச் சரிபார்ப்பதும்தான் தொழில். முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரரின் கடைவாய்ப் பல்லுக்கு எங்கள் பிள்ளைகள் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு நாள் பார்ப்பார்கள். சிலரை வீட்டிலிருந்தே வேலை செய்ய விட்டபோது, அவர்களின் கணினிகளை அலுவலகத்தோடு பாதுகாப்பாகச் சேர்க்க வேண்டி வந்தது. அதற்குத்தான் விபிஎன். ஊருக்குப் பொதுவான இணையத்துக்குள்ளால் எங்களுக்கென்று ஒரு மூடிய குழாய் போடுவது போன்ற வேலை அது.

அலுவலக வாசலில் அந்தக் குழாய்களையெல்லாம் பிடித்து வைத்திருக்கும் பெட்டி ஒன்று இருந்தது. பழைய பெட்டி. அதை விற்ற கம்பனி, "எங்கடை மென்பொருளை எல்லாக் கணினியிலும் போடுங்கோ" என்று ஒற்றைக் காலில் நின்றது. முகாமையாளர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்றேன். கணினியோடு கூடவே வருகிற விபிஎன் போதும். புதிதாக எதையும் ஏற்றத் தேவையில்லை. கணினி தன்னைப் புதுப்பிக்கும்போது அதுவும் புதுப்பிக்கும். வெளிக் கம்பனியின் மென்பொருள் ஒரு நாள் கணினியோடு கோபித்துக்கொண்டால் யாருடைய காலில் விழுவது? இன்றைக்கும் இவை எல்லாம் நல்ல நியாயங்கள்தான். முகாமையாளர் தலையாட்டினார். எல்லோரும் அப்படியே வேலை செய்தார்கள். நிரோஜினிக்கு மட்டும் அது அறுந்து அறுந்து விழுந்தது.

நிரோஜினி கோப்பாய்ப் பிள்ளை. தாய் இல்லை. தகப்பனுக்குச் சீனி வருத்தத்தால், நீரிழிவால், ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அவரைத் தனியே விட்டுவிட்டு நகரத்துக்கு வந்து போக அவளால் முடியாது. வீட்டிலிருந்து செய்யலாம் என்றதால்தான் இந்த வேலைக்கே வந்தாள். தகுதிகாண் காலம் முடிகிற நேரம். வேலை நிரந்தரமானால் வீடு நிமிரும், இல்லாவிட்டால் அண்ணன் அனுப்புகிற காசைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்துத்தான் ஒருவருக்கு நேரம் குறித்துக்கொண்டிருக்கும்போதே திரை செத்துவிடும். மீண்டும் சேர்வாள், கொஞ்ச நேரத்தில் திரும்பவும் போகும். வைத்தியர்கள் முறையிடத் தொடங்கினார்கள்.

முகாமையாளர் என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ், எல்லாருக்கும் வேலை செய்யுது. உந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் நிக்குது?"

"தெரியேல்லை சேர். பாப்பம்."

"எனக்கெண்டால் அவவே வெட்டிறா மாதிரிக் கிடக்கு. தேப்பனைப் பாக்கோணும், சமைக்கோணும். லைன் நிண்டிட்டுது எண்டு சொன்னா ஆர் கேக்கப்போறது?"

அது எனக்குச் சுருக்கென்று குத்தியது. ஆனாலும் அவர் சொன்னதை மறுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. பெட்டியின் பதிவில் நிரோஜினியின் பெயரைத் தேடிப் பார்த்திருந்தேன். சேர்ந்தார், துண்டிக்கப்பட்டார், சேர்ந்தார், துண்டிக்கப்பட்டார். யார் துண்டித்தது என்று அந்தப் பழைய பெட்டி சொல்லாது. அவள் சொன்ன நேரங்களில் மழையும் இல்லை, மின்வெட்டும் இல்லை.

அப்படியானால் போய்ப் பார்க்கவேண்டும். எனக்கு அப்போது ஒரு சிவப்பு ஸ்கூட்டி இருந்தது. சைலன்சர் ஓட்டை. சுன்னாகத்தில் என் வீட்டிலிருந்து புறப்பட்டால் மருதனார்மடச் சந்தையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அலுவலகத்துக்குக் கிட்ட வரும்போது அந்தச் சத்தத்தைக் கேட்டே எல்லோரும் முகநூலை மூடிவிட்டு நிமிர்ந்து உட்காருவார்களாம். இதை எனக்கு ஓய்வு பெறும் நாளில்தான் சொன்னார்கள், கள்ளர்கள்.

கோப்பாயில் வீட்டு வாசலிலேயே தகப்பன் சில்லுக் கதிரையில் இருந்தார். மெலிந்த மனிதர், குரல் மட்டும் பெரிது.

"வாங்கோ பிள்ளை. எந்த இடம்?"

"பிறந்தது குருநகர் ஐயா. இப்ப சுன்னாகம்."

"அப்ப நல்ல மீன் பாத்து வாங்கத் தெரியும். இருங்கோ, இருங்கோ."

நான் இருக்கவும் அவர் தன் வழக்கைத் தொடங்கிவிட்டார். பின்வளவுக்காரர் மதில் கட்டும்போது எல்லையைத் தாண்டி இங்காலே போட்டுவிட்டார்களாம். நீதிமன்றத்தில் இழுபடுகிறது. இரண்டு வீட்டாருக்கும் கதை பேச்சு இல்லை. "எங்கடை பூவரசம் இலை ஒண்டு அங்காலை விழுந்தாலும் கேட்டு வாங்கிப்போடுவன் பிள்ளை. ஒரு இலை போகாது!" என்று பின்பக்கம் கேட்கட்டும் என்பது போலச் சொன்னார். நிரோஜினி தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனாள்.

அவள் வேலை செய்வது முன் அறையில். இணையப் பெட்டியான ரவுட்டரோ குசினியில், பின்பக்க யன்னல் விளிம்பில் இருந்தது. அதைக் கண்டதும் எனக்கு விடுப்புக் கிளம்பிவிட்டது.

"ஏன் பிள்ளை இதைக் குசினிக்குள்ளை வச்சிருக்கிறீர்?"

"முன் அறையிலை சூடு மிஸ், பழுதாப் போடும் எண்டு அப்பாதான் அங்கை வைக்கச் சொன்னவர்."

முன் அறையைவிட அடுப்படி குளிரோ? கேட்க வாய் வந்தது, ஆனால் வைபை அலையின் பலத்தை அளந்து பார்த்தபோது அவள் மேசையில் குறையொன்றும் இல்லை. விட்டுவிட்டேன்.

அன்று காலை முழுதும் அவளோடு இருந்தேன். ஒரு தரம்கூட அறவில்லை. நிரோஜினிக்கு அழுகை வந்துவிட்டது. பழுது வரவில்லையே என்று அழுகிற ஒருத்தியை நான் அதற்கு முன் கண்டதில்லை. நான் வெளிக்கிட்டு மருதனார்மடத்தில் மரக்கறி வாங்க நின்றபோது தொலைபேசி அடித்தது. "மிஸ், நீங்கள் போக நிண்டிட்டுது."

அடுத்த நாள் திரும்பவும் போனேன். அப்படியே நடந்தது. நான் இருக்கும் மட்டும் ஒழுங்கு, நான் போனதும் அறும். முகாமையாளரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் கையை விரித்தார்.

"நீங்கள் இருந்தா வேலை செய்யுது. நீங்கள் வெளிக்கிட்டா நிக்குது. இதுக்கு மேலை என்ன அத்தாட்சி வேணும் மிஸ்? வெள்ளிக்கிழமை முடிவெடுக்கோணும். ஒண்டில் அவ கந்தோருக்கு வரட்டும், இல்லாட்டில் நிப்பாட்டுவம்."

அலுவலகத்துக்கு வர அவளால் ஏலாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நாங்கள் போகும்போது பழுது ஒளித்துக்கொண்டால், முறையிட்டவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டுவது மிகச் சுலபம். எனக்கும் அந்த எண்ணம் ஒரு கணம் தலைகாட்டியது. ஆனால் பொய் சொல்பவள் நான் இருக்கும்போதும் ஒரு தரம் அறுத்துக் காட்டியிருப்பாளே? அதுதானே அவளுக்கு வசதி? அப்படியென்றால் நான் போவது எதையோ மாற்றுகிறது. நான் என்னத்தைக் கொண்டுபோகிறேன்? என் மடிக்கணினி, என் தொலைபேசி, என் குடை, என் வாய். ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். மடிக்கணினிதான் அந்த லைனை எப்படியோ விழிப்பாக வைத்திருக்கிறது என்று ஒரு அழகான விளக்கமும் கண்டுபிடித்தேன். முழுப் பிழை. ஆனாலும் யோசிக்க நல்லாயிருந்தது.

வியாழக்கிழமை கடைசித் தரமாகப் போனேன். ஸ்கூட்டியை, அயலவர் தொல்லை தாங்காமல், சைலன்சர் மாற்றக் கராச்சில் விட்டிருந்தேன். பஸ்ஸில் கோப்பாய்ச் சந்தியில் இறங்கி நடந்தேன். ஐயா வாசலில் கண் அயர்ந்திருந்தார். நிரோஜினி வேலையில் இருந்தாள். நான் நேரே குசினிக்குப் போய், ஒரு பலகைக்கட்டையைப் போட்டுக்கொண்டு ரவுட்டருக்கு முன்னால் குந்தினேன். அது கண்ணைச் சிமிட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று முன் அறையிலிருந்து குரல் வந்தது. "மிஸ்! நிண்டிட்டுது!"

நான் ரவுட்டரைப் பார்த்தேன். எல்லா விளக்கும் பச்சை. இணையம் உயிரோடு இருக்கிறது, விபிஎன் மட்டும் செத்துவிட்டது. அதே நேரம் யன்னலுக்கு வெளியே, கிணற்றடிப் பக்கமிருந்து இன்னொரு குரல், தாழ்ந்த குரல் கேட்டது.

"நிரோ அக்கா, எனக்கு லைன் பிடிச்சிட்டுது. அந்த மிஸ் இண்டைக்கு வரேல்லைத் தானே? ஸ்கூட்டிச் சத்தம் கேக்கேல்லை."

நான் எழும்பி யன்னலால் எட்டிப் பார்த்தேன். வேலியாக இருந்த காலத்தில் அந்தக் கிணற்றடியில் ஒரு பொட்டு இருந்திருக்கிறது. அயலவர் நுழைந்து வந்துபோக வேலியில் விடுகிற இடைவெளிக்குத்தான் அந்தப் பெயர். மதில் வந்தபோது வழக்கால் அந்தத் துண்டு மட்டும் கட்டுப்படாமல் நின்றுபோக, தகரத்தால் மறைத்திருந்தார்கள். தகரத்தை நெம்பிக்கொண்டு ஒரு முகம் எட்டிப் பார்த்தது. கழுத்தில் எங்கள் கம்பனியின் ஹெட்போன் தொங்கியது.

அவளும் என்னைக் கண்டாள். தகரம் படாரென்று மூடியது.

"பிள்ளை, ஓடாதையும்," என்றேன் மெல்லமாக. "நான் கடிக்கமாட்டன்."

அவள் தர்சிகா. எங்கள் காப்புறுதிப் பிரிவில், நாளில் சில மணி நேரம் வேலை செய்கிற பிள்ளை. அவள் வீட்டு வாசல் பின் ஒழுங்கையில் என்பதால் கம்பனியில் இருந்த முகவரியைப் பார்த்தால் வேறு ஊர் போலத் தெரியும். அந்த ஒழுங்கைக்கு இன்னும் பைபர் லைன் வரவில்லை. கைத்தொலைபேசி இணையமோ தென்னைக்குக் கீழே போய் நின்றால்தான் கிடைக்கும். சின்ன வயதுத் தோழிக்கு நிரோஜினி தன் வைபை கடவுச்சொல்லைக் கொடுத்திருக்கிறாள். இலை போகாத மதிலுக்கு மேலால் வைபை போய்க்கொண்டிருந்தது.

"ஸ்கூட்டிச் சத்தம் கேட்டா என்ன செய்வீர்?"

"நிப்பாட்டிப்போடுவன் மிஸ். வீட்டு லைனை வெளியாக்களுக்குக் குடுக்கக் கூடாதெண்டு கம்பனிச் சட்டமெல்லோ. அக்காவுக்குப் பிரச்சினை வந்திடும்."

"உமக்கும் அறுந்து விழுகிறதோ?"

"ஓம் மிஸ். திருப்பித் திருப்பிப் போடுவன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ஆரின்ரை லைன் எண்டு கேட்டா என்ன சொல்லுறது?"

மனிதருக்குச் சங்கடமான நேரத்தில் இப்படிச் சந்தோசப்படுவது சரியோ தெரியாது, ஆனால் பட்டேன். உடனே இரண்டு பேரையும் ஒரு பரீட்சைக்கு இழுத்தேன். நிரோஜினி சேர்ந்தாள், தர்சிகா விழுந்தாள். தர்சிகா சேர்ந்தாள், நிரோஜினி விழுந்தாள். எத்தனை தரம் செய்தாலும் அதுதான்.

ஒரு வீட்டு இணைப்பால் எத்தனை பேர் வெளியே போனாலும் வெளியே எல்லோருக்கும் ஒரே முகம்தான். கணினியோடு வந்த அந்தப் பழைய வகை விபிஎன்னும் எங்கள் பழைய பெட்டியும் சேரும்போது, இரண்டாவது ஆளைப் பெட்டி இரண்டாவது ஆளாக அறியாது. முதல் ஆள்தான் திரும்ப வந்திருக்கிறார் என்று நினைத்து, பழைய கதவைச் சாத்திவிட்டுப் புதுக் கதவைத் திறக்கும். புதிய வகைகளில் பெரும்பாலும் இந்தக் குறை இல்லை. பெட்டி விற்ற கம்பனியின் மென்பொருளிலும் இல்லை, அது ஆளுக்கு ஆள் வேறு அடையாளம் கொடுத்து அனுப்பும்.

இதை நான் விளங்கப்படுத்தி முடிக்க முதலே தர்சிகாவின் முகம் கறுத்துவிட்டது.

"அப்ப இவ்வளவு நாளும் நான்தானோ மிஸ் அக்காவை விழுத்தினது?"

"நீர் அவவை, அவ உம்மை. ஆளுக்கு ஆள்."

"எனக்கு வேண்டாம் மிஸ். நான் நிப்பாட்டிறன். அக்காவின்ரை வேலை போகக் கூடாது." தகரத்துக்கு அங்காலே நின்று விம்மினாள்.

நிரோஜினி தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "விசர்க் கதை கதையாதை தர்சி. உன்ரை வேலையை விட்டிட்டு என்ன செய்வாய்?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "மிஸ், அப்பாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. பின்வளவுக்கு வைபை போகுதெண்டு தெரிஞ்சா மனுசன் தாங்கமாட்டார். வழக்கு நடக்கேக்கை நானே காட்டிக் குடுத்த மாதிரி இருக்கும்."

திரும்பி வரும்போது பஸ்ஸுக்காகக் கோப்பாய்ச் சந்தியில் நீண்ட நேரம் நின்றேன். உங்களுக்காக அந்த நேரத்தைத்தான் நினைத்து வைத்திருக்கிறேன். மிகச் சுலபமான வழி என் கையில் இருந்தது. தர்சிகாவே நிறுத்துகிறேன் என்றுவிட்டாள். அவள் நிறுத்தினால் நிரோஜினிக்கு ஒன்றும் அறாது. முகாமையாளருக்கு ஒன்றும் சொல்லத் தேவையில்லை. நான் எடுத்த முடிவும் பிழையில்லாமல் நிற்கும். எல்லோரும் மிஸ்ஸைக் கெட்டிக்காரி என்பார்கள். ஒரு பிள்ளை மட்டும் ஒருவருக்கும் தெரியாமல் வேலையை விட்டுப் போவாள். பழுது திருத்துவது என்றால் இதுதானோ என்று எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. தொழில்நுட்பத்தில் ஒரு குறை இருந்தால், அதன் பாரத்தை ஆகச் சின்ன ஆளின் தலையில் இறக்கி வைப்பது எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கும். அப்படிச் செய்யாதீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை முகாமையாளரின் அறைக்குப் போனேன்.

"சேர், வீட்டிலை இருந்து வேலை செய்யிற எல்லாருக்கும் பெட்டிக் கம்பனியின்ரை மென்பொருளைப் போடுவம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள்தானே மிஸ் உள்ளதே போதுமெண்டு நிண்டனீங்கள்?"

"ஓம், நான்தான். இப்ப போதாது எண்டு சொல்லுறதும் நான்தான்." பெட்டி பழைய கதவைச் சாத்திப் புதுக் கதவைத் திறக்கிற அந்த விளக்கத்தை அவருக்கும் சொன்னேன்.

"அப்ப அந்தக் கோப்பாய்ப் பிள்ளையின்ரை லைனிலை வேறை ஆரோ வேலை செய்யினமோ? நேராச் சொல்லுங்கோ."

இந்த இடத்தில் பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். இன்று அவருக்குப் பொய் சொன்னால், நாளைக்கு நான் "இந்தப் பிள்ளை பொய் சொல்லேல்லை" என்று சொல்லும்போது அவர் ஏன் நம்பவேண்டும்?

"ஓம் சேர். பின்வளவுப் பிள்ளை. அதுவும் எங்கடை கம்பனிப் பிள்ளைதான்."

"வெளியாக்களுக்குக் குடுக்கக் கூடாதெண்டு சட்டம் இருக்கே?"

"எங்கடை ஆளை வெளியாள் எண்டு எப்பிடிச் சொல்லுறது? ரெண்டு பேரும் ஒரே கந்தோருக்குத்தான் வேலை செய்யினம். அந்த ஒழுங்கைக்கு லைனும் இல்லை."

"மதிலுக்கு மேலாலை வைபை குடுக்கிறதோ மிஸ்? உது என்ன பழக்கம்?"

"கறி குடுக்கினம், கறிவேப்பிலை குடுக்கினம், கிணத்துத் தண்ணி குடுக்கினம். நீங்கள் குடுக்கிறேல்லையோ சேர்?"

அவர் சிரிக்கவில்லை. நான் அந்தப் பகிடியை விட்டது பிழையோ என்று நினைத்தேன். கடைசியில் அவர் கேட்டார், "இன்னும் எத்தினை பேர் இப்பிடி இருக்கினம்?" அது நல்ல கேள்வி. நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வியும்கூட. தண்டனை இல்லை என்று சொல்லி எல்லோரிடமும் விசாரித்தோம். அக்கா தங்கை, மச்சாள்மார், பக்கத்து வீடு என்று கைகள் உயர்ந்துகொண்டே போயின. எல்லோரும் விழுந்து விழுந்து எழும்பி, வாய் திறக்காமல் வேலை செய்திருக்கிறார்கள். ஒருவருக்கு வசதியாக இருந்ததை எல்லோருக்கும் வசதி என்று நாங்கள்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். நிரோஜினி ஒருத்திதான் வாய் திறந்தாள். அவளைத்தான் கள்ளி என்றோம்.

முகாமையாளர் முடிவைத் தள்ளி வைத்தார். புது மென்பொருள் வந்தது. அதுவும் லேசில் படியவில்லை. ஒரு கணினியின் அச்சுப்பொறியை மறைத்தது, இன்னொன்றின் இணையத்தையே விழுங்கியது. பெட்டிக் கம்பனிக்காரரின் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்க்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் மதிலின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வேலை நடந்தது. நிரோஜினியின் வேலை நிரந்தரமானது.

இதனால் பெட்டிக் கம்பனி விற்பதுதான் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்றைக்கு என்னைக் கேட்டால், பல இடங்களில் கணினியோடு வருவதையே சொல்வேன். முறையிட்டவரின் பெயரை மட்டும் தேடாமல் அந்த வீட்டையும் தேடுங்கள் என்பதுதான் என் கதை. நான் பெட்டியில் முறையிட்டவளின் பெயரை மட்டும் தேடினேன். முறையிடாமல் இருந்தவளின் பெயர் அதே இடத்தில், அடுத்தடுத்த வரியில் இருந்திருக்கிறது.

புது மென்பொருளை ஏற்ற நிரோஜினி வீட்டுக்கு நானே போயிருந்தேன். ஸ்கூட்டி இப்போது பூனை மாதிரி வந்து நின்றது. "என்ன பிள்ளை, இண்டைக்குச் சத்தம் போடாமல் வாறியள்?" என்றார் ஐயா. வேலை முடிந்தது. நிரோஜினி தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள். ஐயா கையைக் காட்டி என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"இனி விழாதோ?"

"விழாது ஐயா."

"ரெண்டு பேருக்கும்?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கால்தான் இல்லைப் பிள்ளை. காது ரெண்டும் கிடக்கு. கிணத்தடியிலை உவளவை ரெண்டு பேரும் குசுகுசுக்கிறது எனக்குக் கேளாதோ?" குரலை இன்னும் தாழ்த்தினார். "ரவுட்டர் முன் அறையிலை இருந்தா வைபை மதில் தாண்டாது. அதுதான் சூடு எண்டு சொல்லிக் குசினிக்குள்ளை வைக்கச் சொன்னனான்."

அடுப்படி குளிரோ என்று நான் அன்றைக்கே கேட்டிருந்தால் எவ்வளவோ அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

"அப்ப நிரோவுக்குச் சொல்லலாமே ஐயா? அந்தப் பிள்ளை எவ்வளவு பயந்து..."

"விசரோ பிள்ளை? எனக்குத் தெரியுமெண்டு அவளுக்குத் தெரிஞ்சா, பின்வளவுக்கும் தெரிஞ்சிடும். பிறகு நான் என்ன முகத்தோடை வழக்கு நடத்திறது?"

குசினிப் பக்கமிருந்து கோப்பைச் சத்தம் கிட்ட வந்தது. ஐயா கதிரையில் நிமிர்ந்து இருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பின்மதிலுக்குக் கேட்கிறமாதிரி உரத்துச் சொன்னார்:

"ஒரு இலை போகாது பிள்ளை, எங்கடை வளவுக்குள்ளாலை! ஒரு இலை!"